கச்சானில் காகிதம், மாரியில் களிமண்

மட்டக்களப்பில் கலைக்கூடம் நடத்துபவருக்கு ஆண்டு இரண்டே பாதிதான்: கச்சான் என்ற உலர்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கும் பாதி, மாரி பெய்யும் பாதி. கொழும்புக் கலைக்கூடங்களின் அட்டவணையைப் பார்த்து இங்கே நாள் குறித்தால், டிசம்பரில் நீர்வண்ண ஓவியமும் ஜூலையில் களிமண் சிற்பமும் வைக்க வேண்டி வரும். இரண்டும் தலைகீழ். எந்த மாதத்தில் எந்தப் பொருளைச் சுவரில் ஏற்றலாம் என்பதைக் காற்றையும் ஈரத்தையும் பார்த்து முடிவுசெய்துவிட்டால், குறைந்த செலவில், வேலைகளுக்குச் சேதமில்லாமல் ஓர் ஆண்டை முழுதாக நடத்தலாம். அதற்கான வேலைக் குறிப்புத்தான் இது.

மண்டபம் என்று இங்கே சொல்வது கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரணக் கட்டடத்தை: சுமார் 600 சதுர அடி, செங்கல் சுவர், சீமெந்துப் பூச்சு, ஓட்டுக்கூரை, அதன் கீழ் சீலிங், பக்கத்தில் ஒரு சிறு அறை.

ஆண்டுக்கு ஐந்து காட்சி போதும். பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிவு வரை உள்ளூர் இளையவர்களின் கன்வஸ் ஓவியங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை நெசவு. ஜூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் முதல் வாரம் வரை காகித வேலைகள், பக்க அறையில் கூத்துப் பொருட்கள். ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடு வரை வெளியூரிலிருந்து இரவல் வாங்கிய காட்சி. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை களிமண், கல், உலோகம். இரண்டு காட்சிகளுக்கு இடையில் குறைந்தது இரண்டு கிழமை விடவேண்டும். இறக்குவதற்கு இரண்டு நாள், துளைகளை அடைத்துத் தேய்க்க இரண்டு நாள், எமல்ஷன் இரண்டு கை பூசி ஈரமும் மணமும் போக நாலைந்து நாள், மாட்ட மூன்று நாள், வெளிச்சம் சரிபார்க்க ஒரு நாள். பெயின்ட் காயுமுன் மாட்டுவதுதான் எங்கும் நடக்கிற அவசரம். சுவர் விடும் ஈரம் முழுவதும் பிரேமின் முதுகுக்குள் போய் அடைந்துகொள்ளும்.

ஈரத்தை அளப்பது

ஈரப்பதமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். கடைகளில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் மானியே போதும், ஆனால் அது ஐந்து முதல் பத்து வரை பிழையாகக் காட்டக்கூடும். உப்பை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். போத்தல் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து ஓரிரவு விட்டால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 69 என்று காட்டினால், இனி எப்போதும் ஆறு கூட்டி வாசிக்க வேண்டும். மூன்று மானி வாங்குங்கள்: ஒன்று நடு அறைக்கு, ஒன்று கடல் பக்கச் சுவரில் ஒரு பிரேமுக்குப் பின்னால், ஒன்று களஞ்சிய அறைக்கு. பிரேமுக்குப் பின்னால் வைத்த மானிதான் உண்மையைச் சொல்லும். அறை நடுவில் 62 இருக்கும்போது அங்கே 75 இருப்பது சாதாரணம்.

ஈரப்பதம் 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்து தொடங்குகிறது; 75ஐத் தாண்டினால் சில நாட்களிலேயே பிடித்துவிடும். மாரியில் வெளியே 80க்கு மேல் இருக்கும். ஆகவே மாரிக் காட்சியில் பூஞ்சணத்துக்குத் தீனியாகும் காகிதம், துணி, பசை எதுவும் இருக்கக் கூடாது. கச்சான் மாதங்களில் பகலில் ஈரப்பதம் நன்றாக இறங்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும் தென்மேற்குக் காற்று, இறங்க இறங்கச் சூடேறி உலர்ந்து வருவதே அதற்குக் காரணம்.

குளிரூட்டி பற்றி ஒரு வார்த்தை. பகலில் ஏசி போட்டு மாலை ஐந்து மணிக்கு நிறுத்துவதைவிட, ஏசியே இல்லாமல் இருப்பது ஓவியத்துக்கு நல்லது. நிறுத்தியதும் வெளிக்காற்று புகுந்து குளிர்ந்த கண்ணாடியிலும் சுவரிலும் வேர்க்கும். காலையில் மறுபடி உலரும். ஒரே நாளில் 50க்கும் 85க்கும் இடையில் ஏறி இறங்கும் அறையில் மரச்சட்டம் பிளக்கும், வண்ணப்பூச்சு வெடிக்கும். அதே பணத்துக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் இழுக்கும் ஈரநீக்கி ஒன்றை வாங்கி, 60இல் நிற்கும்படி வைத்து, இரவும் பகலும் ஓட விடுங்கள். அதன் தொட்டி சில மணி நேரத்தில் நிறைந்து பொறி தானாக நின்றுவிடும். எனவே குழாய் பொருத்தி, தண்ணீர் வெளியே ஓடும்படி செய்வது கட்டாயம். ஈரநீக்கி அறையைக் கொஞ்சம் சூடாக்கும். அதற்கு மின்விசிறி போதும்.

சுவர்

எந்தச் சுவரில் எதை மாட்டலாம் என்பதற்கு ஒரு சோதனை. ஓரடிக்கு ஓரடி தெளிந்த பொலித்தீனை வெட்டி, நான்கு பக்கமும் ரேப் போட்டுச் சுவரோடு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: கூரை ஒழுக்கு, தரையிலிருந்து ஏறும் ஈரம், அல்லது வெளிப்பூச்சில் வெடிப்பு. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். முதலாவதுக்கு மேசன் வேண்டும், இரண்டாவதுக்கு ஈரநீக்கி. உள்ளே வேர்க்கும் சுவரில் நீர்புகாப் பெயின்ட் பூசி மறைத்தால் ஒரு மாரியிலேயே பூச்சோடு சேர்ந்து கொப்பளித்து விழும். உப்புப் பூத்து வெள்ளையாக உதிரும் சுவர் என்றால், பூச்சைச் செங்கல்வரை கொத்தி எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிய ஆற்று மணலில் புதிதாகப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

பாரம் தூக்க 6 மில்லிமீற்றர் துளை, அதற்குள் செருகும் ரோல் பிளக், ஒன்றரை அங்குலத் திருகாணி. கடற்காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி ஓராண்டுக்குள் துருவேறிச் சுவரில் மஞ்சள் கண்ணீர் வடிக்கும். ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை வாங்குங்கள். ஒவ்வொரு பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் தக்கையோ ரப்பரோ ஒட்டினால், சுவருக்கும் முதுகுக்கும் இடையே காற்று ஓடும். இவ்வளவு மலிவான, இவ்வளவு பலனுள்ள வேலை இந்த முழுப் பட்டியலிலும் வேறு இல்லை.

மாட்டும் உயரம்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 சென்ரிமீற்றர். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வரும் காட்சிக்கு 145. கணக்கு இப்படி. பிரேம் உயரம் 70, பின்கம்பியை நடுவில் மேலே இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்பிலிருந்து 8 கீழே நிற்கிறது என்றால், 150ஐயும் 35ஐயும் கூட்டி 8ஐக் கழிக்க 177. கொக்கி அங்கே. கம்பியை இழுக்காமல் தளர்வாக அளந்தால் எல்லாப் படமும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். அரை மீற்றருக்கு மேல் அகலமான படத்துக்கு ஒற்றைக் கொக்கி வேண்டாம். இரண்டு கொக்கி போட்டால் விசிறிக் காற்றில் சாயாது.

பெப்ரவரி: கன்வஸ்

கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படித்து வெளியேறும் இளையவர்களை நம்பி ஒரு காட்சியைத் தாராளமாக வைக்கலாம். ஆண்டின் முதல் காட்சியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொழும்புக்குப் போய் மாட்டினால்தான் ஓவியர் என்ற எண்ணம் இங்கே இன்னும் போகவில்லை. சொந்த ஊரில் ஒழுங்கான சுவரும் ஒழுங்கான வெளிச்சமும் கிடைத்தால் அது குறையும்.

பெப்ரவரியில் கொண்டுவரும் கன்வஸ் பெரும்பாலும் தளர்ந்து தொங்கும். மாரி ஈரத்தில் துணியின் பசைப்பூச்சு இளகியிருக்கும், சட்ட மரம் ஊதியிருக்கும். பார்த்தவுடன் சுத்தியலை எடுத்து மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்கிவிடத் தோன்றும். தட்டவே கூடாது. அன்று இறுக்கிய கன்வஸ், கச்சான் தொடங்கி எல்லாம் உலர்ந்து சுருங்கும்போது முரசுத் தோல்போல் விறைக்கும். மூலைகளில் சாய்வாக வெடிப்பு விழும். 60க்குக் குறைவான ஈரப்பதத்தில் ஒரு கிழமை அறையில் நிறுத்திப் பாருங்கள். பாதித் தளர்வு தானாகப் போகும். அதற்குப் பிறகும் அலையடித்தால், ஒவ்வொரு ஆப்பையும் ஒரு மெல்லிய தட்டு, அவ்வளவுதான். ஆப்பு துணிக்கும் சட்டத்துக்கும் இடையில் விழுந்துவிடாமல், தட்டும்போது ஓர் அட்டைத் துண்டை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

பல்லியும் கன்வஸின் பகைதான். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், எச்சம் படத்தில் விழும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் வண்ணத்துக்குள் தேய்ந்து இறங்கும். முழுதாகக் காயவிட்டு, மூங்கில் குச்சியால் மெதுவாகக் கிளப்பி, மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். கூடத்தை மூடும்போது படத்தின் மேல் விழும் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்து, வாசல் வெளிச்சம் ஒன்றை மட்டும் எரியவிட்டால் பூச்சியும் பல்லியும் வெளியே போய்விடும்.

ஏப்ரல் கடைசி: நெசவு

மருதமுனைக் கைத்தறி இங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. புடவையும் சாரமும் கடையில் மடித்து அடுக்கியிருக்கக் கண்டவர்களுக்கு, அதே துணியை முழு நீளத்தில் சுவரில் பார்ப்பது புது அனுபவம். ஆனால் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், பாரம் முழுவதும் கிளிப் பிடித்த நாலைந்து இடத்தில் இறங்கி இழை விலகும். சரியான முறை இது. இரண்டு அங்குல அகலப் பருத்திப் பட்டியில் வெல்க்ரோவின் மென்பக்கத்தைத் தையல் இயந்திரத்தில் தைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியைத் துணியின் மேல்விளிம்புப் பின்புறத்தில் கையால், பாவு இழைகளைப் பிடித்துத் தையுங்கள். வெல்க்ரோவின் முட்பக்கத்தை மரச்சட்டத்தில் ஸ்டேபிள் அடித்து, சட்டத்தைச் சுவரில் பூட்டுங்கள். பிறகு துணியைச் சட்டத்தின் மேல் அழுத்தினால் போதும். கோணல் தெரிந்தால் உரித்து மறுபடி ஒட்டலாம். மரத்தின் அமிலம் துணியில் ஏறாமல் சட்டத்தை அலுமினிய ரேப்பால் சுற்றிவிட வேண்டும்.

பழைய துணி இரவல் வந்தால் நேரே மண்டபத்துக்குள் எடுக்காதீர்கள். பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 பாகை வரை போகும் ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பின் ஒரு முழு நாள் பையைத் திறக்காமல் வைக்க வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த துணியில் அறை ஈரம் படியும். கண்ணாடி, வர்ணப்பூச்சு, ஒட்டுவேலை உள்ள எதையும் இப்படிக் குளிரில் வைக்கக் கூடாது.

ஜூன் கடைசி: காகிதம்

ஆண்டின் மிகச் சிறந்த காட்சியை இந்த ஆறு கிழமைக்கு ஒதுக்குங்கள். நீர்வண்ணம், மரவெட்டு அச்சு, கரித்துண்டு வரைவு, பழைய ஒளிப்படம், கையெழுத்துப் பிரதி எல்லாம் மட்டக்களப்பில் நிம்மதியாக மூச்சுவிடும் காலம் இது மட்டுமே.

காகிதத்தை அட்டையில் ஒட்ட செலோரேப்பும் இரட்டைப்பக்க ரேப்பும் கூடாது. ரேப்பின் பசை மஞ்சளாகி எண்ணெய்போல் ஊறி, ஓவியத்தின் முன்பக்கத்துக்கே வந்துவிடும். மெல்லிய ஜப்பான் காகிதத்தில் இரண்டு சென்ரிமீற்றர் அகலக் கீல் இரண்டு வெட்டி, மேல்விளிம்பில் மட்டும் ஒட்ட வேண்டும். கீழ்விளிம்பு சும்மா தொங்கட்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரம் ஏறி இறங்கும்போது நீளவும் சுருங்கவும் இடமில்லாமல் காகிதம் அலையலையாகும். ஜப்பான் காகிதம் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. ஏப்ரலிலேயே எடுப்பித்து வைத்துவிடுங்கள்.

பசைக்குக் கோதுமை மா வேண்டாம், கோதுமை ஸ்டார்ச் வேண்டும். மாவில் உள்ள பசையம் பூச்சியை அழைக்கும், காய்ந்தால் கெட்டியாகும். ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. அரை மணி ஊறவைத்து, மெல்லிய தணலில் இருபது முதல் முப்பது நிமிடம் கைவிடாமல் கிண்டினால், வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் கலங்கிக் கனமாகும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை அமுக்கி வடிக்கவும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும். புளித்த மணம் வந்தால் கொட்டிவிடுங்கள். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் புத்தகம் கட்டுபவர்களிடம் இருந்தது. செம்பு கலந்த எதுவும் நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுக்கும். போடவேண்டாம்.

படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்கும் அட்டைச் சாளரம் குறைந்தது மூன்று மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். காகிதம் கண்ணாடியைத் தொடக்கூடாது என்பதே அதன் வேலை. அழகுக்கு என்று நினைத்துப் பிரேம் கடைக்காரர் அதை விட்டுவிடுவதுண்டு. கண்ணாடியோடு ஒட்டிய ஒளிப்படத்தை ஒரு மாரி கழிந்து உரித்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலும் வரும். முதுகுக்கு ஹார்ட்போர்டும் சாதாரண அட்டையும் அமிலம். விளம்பரப் பலகை செய்யும் நெளிபிளாஸ்டிக் தகட்டை அளவாக வெட்டிப் போட்டு, விளிம்பை அலுமினிய ரேப்பால் சுற்றி அடைத்தால் சுவர் ஈரமும் வெள்ளிப்பூச்சியும் உள்ளே நுழையாது. கரித்துண்டு, பஸ்டல் வேலைகளுக்கு அக்ரிலிக் தகடு கூடாது. அதில் ஏறும் நிலைமின்சாரம் பொடியைக் காகிதத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடிதான்.

வெளிச்சம் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). புதிதாக வருபவர்கள் இருட்டு என்று குறைசொல்வார்கள். வாசலில் இருந்து உள்ளே வரும் பாதையைப் படிப்படியாக மங்கலாக்கிவிட்டால் கண் பழகிக்கொள்ளும். நாளுக்கு ஏழு மணி நேரம், கிழமைக்கு ஆறு நாள், ஆறு கிழமை என்றால் 12,600 லக்ஸ்-மணி. மிக எளிதில் மங்கும் நிறங்களுக்கு ஆண்டு முழுவதற்கும் 15,000 என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. ஆகவே அந்தப் படங்களுக்கு அந்த ஆண்டின் ஒதுக்கீடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அலுவலகச் சுவரில் தொடர்ந்து மாட்டிவைக்க யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். கன்வஸுக்கு 200 லக்ஸ் வரை போகலாம். விளக்கு 3000 கெல்வின் எல்இடி, நிறத்தைச் சரியாகக் காட்டும் சுட்டி 90க்கு மேல். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வு. சீலிங் 300 சென்ரிமீற்றர் உயரம் என்றால் விளக்குத் தண்டு சுவரிலிருந்து 87 சென்ரிமீற்றரில் வரும். அதைவிட நெருங்கினால் பிரேமின் நிழல் படத்தில் விழும், விலகினால் பார்ப்பவரின் தலை நிழல் விழும். இவ்வளவும் செய்துவிட்டு மேற்குப் பக்க யன்னலைத் திறந்துவைத்தால் எல்லாம் வீண். பகல் மூன்று மணி வெயில் ஆயிரக்கணக்கான லக்ஸ்.

கச்சான் தூசியையும் கொண்டுவரும். கதவின் கீழ் இடைவெளியை ரப்பர் பட்டியால் அடையுங்கள். நண்பகலில் யாரும் வரமாட்டார்கள். பள்ளிக் குழுக்களுக்குக் காலை ஒன்பது மணி, மற்றவர்களுக்கு மாலை மூன்றரை முதல் ஏழரை வரை என்று திறந்தால் மண்டபம் நிறையும். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் என்றால் வெள்ளி நண்பகலையும் நோன்பு மாத மாலைகளையும் பார்த்து நேரம் குறிக்க வேண்டும்.

ஆடி அமாவாசை பெரும்பாலும் இந்தக் காட்சிக்குள் வரும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு வரும் சனம் நகரம் முழுவதும் நிறையும். அன்று கூடத்தைத் திறக்கத்தான் வேண்டும், ஓவியக் காட்சி என்று இதற்கு முன் படியேறாதவர்கள் வருகிற நாள் அது. ஆனால் ஓர் ஆள் மணிக்குக் குறைந்தது 50 கிராம் நீராவி விடுகிறார். நாற்பது பேர் ஒன்றாக நின்றால் மணிக்கு இரண்டு லீற்றர். இருபது இருபது பேராக உள்ளே விட்டு, இரு வாசலும் திறந்து, ஈரநீக்கியை முந்திய இரவே 50க்கு இறக்கி வைத்தால் சமாளிக்கலாம்.

பக்க அறை: கூத்துப் பொருட்கள்

வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு முடிந்த பிறகே கேளுங்கள். அதற்கு முன் உடுப்பும் கிரீடமும் கூத்தாடும் களரியில் வேலை செய்கின்றன, எடுத்துவருவது முறையல்ல. இந்தப் பொருட்கள் தனியாளுடையவை அல்ல. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் முதலில் பேசி, கோயிலில் வைத்திருப்பவை என்றால் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடமும் கேட்டு, இருவரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்க வேண்டும். எந்த ஊர்க் கூத்து, யார் செய்தது, யார் ஆடியது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓவியத்துக்கு ஓவியர் பெயர் போடுகிறோம். கிரீடத்துக்குச் செய்தவர் பெயர் போடாமல் ‘நாட்டார் கலை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது பெரிய அநியாயம்.

கிரீடத்தை உச்சியில் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒட்டிய கண்ணாடித் துண்டுகளும் பழைய பசையும் அங்கேதான் பலவீனம். அடிவளையத்தை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். உள்ளே ஆடியவரின் வியர்வை உப்பு படிந்திருக்கும். அதுவே ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கிறது. கழுவினால் பசை விட்டுவிடும், உலர்ந்த மென்தூரிகை மட்டும். நிறுத்துவதற்கு, நன்றாகக் கழுவிக் காயவைத்த வெள்ளைப் பருத்தியால் தலையளவு தாங்கி தைத்துப் பஞ்சு அடைத்து, கம்பத்தில் பொருத்துங்கள். வடமோடி என்ற கூத்து வகையின் கரப்புடுப்பு விரிந்து நிற்க வேண்டிய உடுப்பு. ஆணியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே கிழியும். இடுப்பளவில் மூங்கில் வளையம் ஒன்றைக் காலூன்றி நிறுத்தி, துணி சுற்றி, அதன்மேல் இருத்துங்கள். மத்தளத்தின் தோலைக் கச்சான் இறுக்கிப் பிளக்கும். காட்சிக்கு வைக்கும்போது வாரைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எவ்வளவு என்பதை அண்ணாவியாரே வந்து செய்யட்டும்.

உளுத்த மரம் உள்ளதா என்று பார்க்க, ஒவ்வொரு பொருளையும் மூன்று கிழமை தனித்தனித் தெளிபொலித்தீனில் கறுப்புக் காகிதத்தின்மேல் வைத்துப் பாருங்கள். மாப்போல் துகள் விழுந்திருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. அது மண்டபத்துக்குள் வரக்கூடாது.

ஓகஸ்ட் கடைசி: இரவல் காட்சி

கொழும்பிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மூடிய லொறிக்குள் வெயிலில் நிறுத்தினால் வெப்பம் 50 பாகையைத் தாண்டும். அக்ரிலிக் வண்ணம் அந்தச் சூட்டில் இளகும். குமிழிப் பொலித்தீனைக் குமிழி உள்பக்கமாகச் சுற்றியிருந்தால், படம் முழுவதும் வட்டவட்டத் தழும்போடு வந்து இறங்கும். அதை எடுக்க வழியே இல்லை. முதலில் ஒட்டாத சிலிக்கன் காகிதம், பிறகு மூலைக்கு மூலை ஃபோம், கடைசியில் குமிழிப் பொலித்தீன், குமிழி வெளிப்பக்கம். மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு விடியுமுன் வந்து சேரும்படி லொறி பேசுங்கள். வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் மண்டபத்திலேயே விட வேண்டும்.

திறக்கும்போது ஒருவர் பிரிக்க, ஒருவர் எழுத, ஒருவர் படம் எடுக்க. முன்பக்கம், முதுகு, நான்கு மூலை, பிறகு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படம். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெடிப்பும் கொப்பளமும் தெரியும். திருப்பி அனுப்பும்போதும் அதே வரிசையில் எடுங்கள். சேதம் எங்கே நடந்தது என்ற சண்டை அதிலேயே தீரும். ஒப்பந்தத்தில் காப்புறுதி யார் பொறுப்பு, போக்குவரத்துக் காசு யார் தலையில், விற்றால் கூடத்துக்கு எத்தனை வீதம், ஓவியருக்குப் பணம் எத்தனை நாளில், படத்தை அச்சிலும் இணையத்திலும் போடலாமா என்ற ஐந்தும் எழுத்தில் இருந்தால் போதும்.

ஒக்டோபரில் பின்னேரம் இடிமழை தொடங்கும். காணொளி வேலை இருந்தால் யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள். அது மின்சாரம் நின்றால் காக்கும், மின்னலிலிருந்து காக்காது. முழக்கம் கேட்டதும் புரொஜெக்டரை முறையாக அணைத்து, விசிறி ஓய்ந்த பிறகு பிளக்கைக் கழற்ற வேண்டும். சடாரென்று இழுத்தால் விளக்கு சூட்டில் சாகும்.

காட்சியை ஒக்டோபர் நடுவில் இறக்கி, மாத முடிவுக்குள் எல்லாப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதி தண்ணீரில் மூழ்கும். ரயிலும் நிற்கும். 1978 சூறாவளி மட்டக்களப்பை அடித்தது நவம்பர் 23. இன்னொரு கிழமை நீட்டுங்கள் என்று எவ்வளவு பெரிய ஓவியர் கேட்டாலும் இந்தத் திகதி அசையக் கூடாது.

நவம்பர் கடைசி: களிமண்

சுட்ட மண், கல், சீமெந்து, பித்தளை. மாரி இவற்றை ஒன்றும் செய்யாது, நிற்கும் மேடையைத்தான் செய்யும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மேடை நாலு அங்குலத் தண்ணீரில் பாண்போல் ஊதிவிடும். புளொக் கல்லை அடுக்கி, மெல்லப் பூசி, வெள்ளை அடித்த மேடை மலிவு. யாரும் இடித்தாலும் சரியாது, தண்ணீர் வந்தாலும் கழுவிவிடலாம். குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டத்தை நேரே சீமெந்து மேடையில் வைக்காமல் அடியில் பிளாஸ்டிக் தகடு ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தோடு உப்பும் ஏறி வெளியே வெள்ளையாகப் பூக்கும்.

தலைப்புச் சீட்டுகள் மாரியில் இரட்டைப்பக்க ரேப்பிலிருந்து உதிரும். மூன்று மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தகட்டில் அச்சிட்டு, சிலிக்கன் பசை ஒரு பொட்டு வைத்து ஒட்டுவது நிற்கும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் எழுத்தின் மேலும் கீழும் குறிகள் ஓடுவதால், வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடக் கூட்டிவிட வேண்டும். எழுத்து 20 புள்ளிக்குக் குறைந்தால் முதியவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு வாசிப்பார்கள்.

களஞ்சியத்தில் எதுவும் தரையிலிருந்து இரண்டடிக்குக் கீழே இருக்கக் கூடாது. இறாக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள், கறையான் புற்று ஏறினால் கண்ணுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் எதை முதலில் மேலே ஏற்றுவது என்ற வரிசையை எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்: காகிதம், துணி, கன்வஸ், மரம் என்று. நனைந்த காகிதம் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் தனித்தனியாக விரித்து, நிழலில், விசிறிக்கு நேரே அல்லாமல் பக்கவாட்டில் வைத்துக் காயவைக்க வேண்டும். வெயில் கூடாது. பிடித்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம். முதலில் உலரவிட்டு, என்95 முகமூடி போட்டு, மண்டபத்துக்கு வெளியே மென்தூரிகையால் தட்ட வேண்டும்.

மழை நாட்களில் ஆள் வரவு குறையும். அந்த நேரம் அடுத்த ஆண்டுக் கடிதங்களுக்கு. காகித ஓவியர்களுக்கு டிசம்பரிலேயே எழுதிவிடுங்கள், பிரேமுக்கும் ஜப்பான் காகிதத்துக்கும் ஆறு மாதம் வேண்டும். கடிதத்தோடு சுவர்களின் அளவு வரைபடம், வாசலின் அகல உயரம், ஒரு கொக்கி தாங்கும் எடை, மின்செருகிகள் இருக்கும் இடம், படங்கள் வந்துசேர வேண்டிய திகதி, திரும்பிப் போகும் திகதி ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.